“பாரதியில் பெண்ணியம்” என்று தலைப்பு வைத்தாயிற்று, சரி, ஆய்வேட்டை எப்படி எழுதுவது?

கேட்டிருப்பவர் எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி. ஜனவரி தொடங்கிவிட்டது, ஏப்ரல் கடைசிக்குள் ஆய்வேட்டை பைண்ட் பண்ணிக் கொடுக்க வேண்டும். “பாரதியார் படைப்புகளில் பெண்ணியச் சிந்தனைகள்” என்று தலைப்பு யோசித்திருக்கிறார், நெறியாளரும் “பண்ணலாம்மா” என்று சொல்லிவிட்டார். எங்கே ஆரம்பிப்பது, எத்தனை இயல், எத்தனை பக்கம், எப்படித் திட்டமிடுவது என்பது கேள்வி. வருடா வருடம் இந்த மாதிரி ஆய்வேடுகளைத் திருத்துகிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பக்கக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். துறையில் விதிமுறைத் தாள் இருக்கும். இல்லையென்றால் போன வருடம் சமர்ப்பித்த இரண்டு மூன்று ஆய்வேடுகளைத் துறை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள், அந்த அளவு போதும். எண்பது பக்கத்தில் முடிகிற விஷயத்தை நூற்றைம்பதுக்கு இழுத்தால் தேர்வாளர் அதிகம் படிக்கப்போவதில்லை, வேகமாகப் புரட்டப்போகிறார், அவ்வளவுதான்.

இப்போது தலைப்பு. “இன்னாருடைய படைப்புகளில் இன்ன சிந்தனைகள்” என்ற வாய்பாட்டை நம் தமிழ்த் துறைகள் பல தலைமுறையாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதில் எனக்குள்ள சிக்கல் ஒன்றுதான். எழுத ஆரம்பிக்கும் முன்பே உங்கள் முடிவு எல்லோருக்கும் தெரியும். பாரதி பெண் விடுதலையைப் பாடினார். அதை யார் மறுக்கப்போகிறார்கள்? யாரும் மறுக்க வாய்ப்பே இல்லாத ஒன்றை நிறுவ நான்கு மாதம் எதற்கு? அப்படித் தொடங்கினால் இயல்களும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்: பாரதியின் வாழ்வும் பணியும், பெண்ணியம் ஒரு விளக்கம், கவிதைகளில் பெண்ணியம், உரைநடையில் பெண்ணியம், முடிவுரை. இந்த ஐந்து இயல் சட்டகத்தில் பாரதியை எடுத்துவிட்டு வேறு எந்தக் கவிஞரை வைத்தாலும் ஒரு வரி மாறாது என்பதே அதில் ஆய்வு இல்லை என்பதற்கு அத்தாட்சி.

அதனால் முதல் இரண்டு வாரம் எழுதவே வேண்டாம், மூலத்தை மட்டும் படியுங்கள். பெண்ணியக் கோட்பாட்டு நூல்கள் அப்புறம். படிக்கும்போது உங்களை உறுத்துகிற இடங்களை, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடங்களை மட்டும் குறித்து வையுங்கள். ஆய்வுக் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

ஒரு எடுத்துக்காட்டு தருகிறேன், வேண்டுமானால் இதையே எடுத்துக்கொள்ளலாம். “கற்பு நிலையென்று சொல்ல வந்தார் இரு கட்சிக்கும் அஃது பொதுவில் வைப்போம்” என்ற பெண்கள் விடுதலைக் கும்மி வரி எல்லோருக்கும் மனப்பாடம். நான் பார்த்த ஆய்வேடுகளில் இந்த வரிக்குக் கீழே “என்று பாரதி பெண்ணுரிமையை முழங்குகிறார்” என்று எழுதிவிட்டு அடுத்த மேற்கோளுக்குத் தாவிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பாருங்கள். பாரதி இங்கே கற்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆணுக்கும் சேர்த்து வை என்கிறார். சரி, அப்படியானால் கணவனை இழந்த பெண்ணின் நிலை என்ன? அவள் மறுமணம் செய்யக்கூடாது என்றால், பொதுவில் வைக்கும் கணக்குப்படி மனைவியை இழந்த ஆணும் செய்யக்கூடாது என்றாகிறது. இதே யோசனையைக் காந்தி உண்மையாகவே முன்வைத்தார். அதை பாரதி ஏற்கவில்லை. இந்திய விதவைகளின் நிலை பற்றிய ஒரு கட்டுரையில், பெண் விதவைகளின் தொகையைக் குறைக்க வழி கேட்டால் ஆண் விதவைகளின் தொகையைக் கூட்டச் சொல்கிறாரே என்ற தொனியில் கேலியாகவே மறுக்கிறார். இருவருமே மறுமணம் செய்துகொள்ளட்டும் என்பதுதான் அவர் பக்கம். கவிதையில் கற்பைப் பொதுவாக்கியவர் கட்டுரையில் மறுமணத்தைப் பொதுவாக்குகிறார். இரண்டும் ஒரே நிலைப்பாடா, இல்லை இடையில் ஏதோ நகர்ந்திருக்கிறதா? இப்போதுதான் உங்கள் கையில் ஒரு கேள்வி இருக்கிறது. நான் ஒரு பதில் சொல்லலாம், நீங்கள் வேறொன்று சொல்லலாம், இரண்டுக்கும் சான்று தேட வேண்டியிருக்கும்.

அதோடு “சந்திரிகையின் கதை”யைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரதி முடிக்காமல் விட்ட நாவல், அளவில் சின்னது, நான்கு மாதத்துக்குத் தோதானது. அதில் விசாலாட்சி என்ற இளம் விதவையின் மறுமணம் வருகிறது, கூடவே தெலுங்குச் சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் பந்துலுவும் பத்திரிகையாளர் ஜி. சுப்பிரமணிய ஐயரும் சொந்தப் பெயரிலேயே பாத்திரங்களாக வருகிறார்கள். இருவரும் வெறும் அலங்காரத்துக்கு வந்தவர்கள் அல்ல. வீரேசலிங்கம் 1881 டிசம்பரில் ராஜமுந்திரியில் விதவை மறுமணம் நடத்தி வைத்தவர். சுப்பிரமணிய ஐயர் விதவையான தன் சொந்த மகளுக்கே 1889இல் மறுமணம் செய்து வைத்தவர், பாரதி 1904இல் சுதேசமித்திரன் நாளிதழில் வேலைக்குச் சேர்ந்தபோது அதன் ஆசிரியர் அவர்தான். மறுமணத்துக்கு இடம் தரும் சட்டம் 1856லேயே வந்துவிட்டது. சட்டம் வந்து அரை நூற்றாண்டு தாண்டிய பிறகும் ஒரு நாவலாசிரியர் மறுமணத்துக்காக வாதாட வேண்டியிருக்கிறது, அதற்கு உண்மை மனிதர்களைக் கதைக்குள் அழைத்து வர வேண்டியிருக்கிறது என்றால் ஏன்? கற்பனைப் பாத்திரம் செய்ய முடியாத எதை அவர்கள் செய்கிறார்கள்? இது ஒரு முழு இயலுக்குத் தாங்கும்.

ஆக தலைப்பு இப்படிச் சுருங்கும்: “பாரதி எழுத்தில் விதவை மறுமணம்: கவிதை, கட்டுரை, நாவல்”. பழைய தலைப்பு ஏற்கெனவே துறையில் பதிவாகி மாற்ற முடியாது என்றாலும் கவலை வேண்டாம், முன்னுரையில் ‘ஆய்வு எல்லை’ என்று ஒரு பகுதி எழுதுவீர்கள் அல்லவா, அது இதற்குத்தான். பெண்ணியச் சிந்தனைகளுள் விதவை மறுமணம் மட்டும் இந்த ஆய்வில் எடுத்துக்கொள்ளப்படுகிறது, காரணம் இன்னது என்று இரண்டு பத்தியில் சொல்லிவிடுங்கள். நெறியாளர்கள் பெரும்பாலும் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை, எல்லையைச் சுருக்கிக்கொண்டு வருகிற மாணவரைப் பார்த்தால் அவர்களுக்கும் நிம்மதிதான்.

கேள்வி கிடைத்ததும் அதை யாராவது செய்துவிட்டார்களா என்று பாருங்கள். சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் கிடைக்கும். தலைப்பைத் தமிழிலும் தேடுங்கள், ஆங்கில எழுத்திலும் தேடுங்கள், பாரதி என்பதை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேடுங்கள். பழைய தமிழ் ஆய்வேடுகள் பல யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை, அல்லது வெறும் ஸ்கேன், அதனால் உள்ளே சொல்லைத் தேடினால் ஒன்றும் வராது, பொருளடக்கத்தைத் திறந்து கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஒருவர் எழுதியிருந்தால் தலைப்பை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அவர் எதைச் சொன்னார், எதைத் தொடவில்லை, எங்கே எனக்கு உடன்பாடில்லை என்று எழுதுவதுதான் ‘முன்னாய்வுகள்’ பகுதி. பத்து ஆய்வேட்டின் பெயரையும் ஆண்டையும் வரிசையாக அடுக்கி “ஆகியன முன்னாய்வுகளாகும்” என்று முடிப்பதை முன்னாய்வு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது பதிப்பு. பாரதிக்கு இது மற்ற எவரையும்விட முக்கியம். அவர் எழுத்துகளின் உரிமையை அரசு 1949இல் வாங்கிப் பிறகு பொதுவாக்கிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் எழுத்துப் பிழை ஒரு விதம், பகுப்பு ஒரு விதம். தேசிய கீதங்கள், தோத்திரப் பாடல்கள் என்று பொருள்வாரியாகப் பிரித்த தொகுப்பை வைத்துக்கொண்டு “பாரதியின் சிந்தனை வளர்ச்சி” என்று எழுதவே முடியாது, எது முன்னால் எது பின்னால் என்று அதில் தெரியாது. சீனி. விசுவநாதன் பதிப்பித்த கால வரிசைப்படுத்தப்பட்ட தொகுதிகள் உள்ளன, உங்கள் கேள்விக்கு அதுதான் அடிப்படை. காலம் கவனிக்காவிட்டால் எளிதாக மாட்டிக்கொள்வீர்கள். பாஞ்சாலி சபதத்தையே எடுங்கள், முதல் பாகம் 1912இல் வந்தது, இரண்டாம் பாகம் பாரதி இறந்த பிறகு 1924இல்தான் அச்சானது. அச்சான ஆண்டு வேறு, எழுதிய ஆண்டு வேறு. எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டுக் கடைசி வரை அதிலிருந்தே மேற்கோள் காட்டுங்கள்.

நூலகத்துக்குப் போக வேண்டுமா என்றால், போக வேண்டும், குறைந்தது ஒரு வாரம். சென்னையில் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த புத்தகங்களையும் இதழ்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994இல் உருவானது, பழைய இதழ்களுக்கு அதைவிட நல்ல இடம் குறைவு. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் தரமணியிலேயே இருக்கிறது. எழும்பூரில் கன்னிமாரா நூலகம், அரசு ஆவணக்காப்பகம். கல்லூரியிலிருந்து அறிமுகக் கடிதம், அடையாள அட்டையின் நகல் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள், போகும் முன் அட்டவணையில் வேண்டியதைத் தேடிக் குறித்துக்கொண்டு போனால் பாதி நாள் மிச்சம். சென்னைக்கு வர முடியாதவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை முதலில் துழாவிப் பாருங்கள், ஆச்சரியப்படும் அளவுக்குப் பழைய நூல்கள் அங்கே இருக்கின்றன.

குறிப்பு எடுக்கும்போது ஒரே ஒரு கண்டிப்பு: பக்க எண் இல்லாத குறிப்பு குறிப்பே அல்ல. ஆசிரியர், நூல், பதிப்பாண்டு, பக்கம் நான்கையும் எழுதிவிட்டுத்தான் மேற்கோளை எழுத வேண்டும். நூலாசிரியரின் வாக்கியத்தை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள், உங்கள் சொல்லில் சுருக்கினால் குறி இல்லாமல், உங்கள் சொந்த யோசனை என்றால் வேறு நிறத்தில். இதைச் செய்யாதவர்கள்தான் ஏப்ரலில் எது தன்னுடைய வாக்கியம், எது புத்தகத்தின் வாக்கியம் என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள், திருட வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் திருட்டில் மாட்டுகிறார்கள். சொட்டெரோ என்ற இலவச மென்பொருளில் நூல் விவரங்களைப் போட்டு வைத்தால் துணைநூற்பட்டியல் கடைசியில் கிட்டத்தட்ட தயாராகவே கிடைக்கும், ஆசிரியரின் தலைப்பெழுத்தைப் போடும் முறையை மட்டும் தமிழ் வழக்கத்துக்கு ஏற்பக் கையால் சரிசெய்துகொள்ளுங்கள்.

காலத் திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். ஏப்ரல் கடைசி வாரம் சமர்ப்பிப்பு என்றால், பைண்டிங், நெறியாளர் சான்றிதழ், துறைத் தலைவர் கையெழுத்து எல்லாம் சேர்த்து ஒரு வாரம் போய்விடும். துறைத் தலைவர் சரியாக அந்த வாரம்தான் வெளியூர் போவார். அதற்கு முன் மெய்ப்புத் திருத்தம் ஒரு வாரம். அதற்கு முன் நெறியாளர் முழுப் பிரதியைப் படிக்க இரண்டு வாரம், அவருக்கும் விடைத்தாள் திருத்தும் காலம் அது. ஆக மார்ச் முடியும்போது முழு வரைவு கையில் இருக்க வேண்டும். ஜனவரி முதல் பாதி படிப்புக்கும் கேள்விக்கும், இரண்டாம் பாதி நூலகத்துக்கு. எழுதுவதற்கு மிஞ்சுவது பிப்ரவரியும் மார்ச்சும் மட்டுமே, அதில் இன்டர்னல் தேர்வும் செமினாரும் வேறு வந்து விழும். ஒரு நாளைக்கு ஒன்றரைப் பக்கம் என்று வைத்தால்கூட தாராளமாக முடியும், ஆனால் தினமும் எழுத வேண்டும். “எல்லாம் படித்து முடித்த பிறகு எழுதுகிறேன்” என்பவர்கள் எழுதியதை நான் பார்த்ததே இல்லை.

எழுதும்போது முன்னுரையில் ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த நடு இயலில் ஆரம்பியுங்கள், மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது நாவல் பற்றிய இயல். முன்னுரை கடைசியில். பலர் முன்னுரையைத் தொல்காப்பியத்திலிருந்து தொடங்கிச் சங்க காலப் பெண், காப்பியப் பெண், பக்திக் காலப் பெண் என்று நடந்து பாரதியிடம் வந்து சேர்வதற்குள் இருபது பக்கம் ஆகிவிடும். அந்த இருபது பக்கமும் யாரோ ஏற்கெனவே எழுதியதுதான். பாரதியின் வாழ்க்கை வரலாறு இயலும் அப்படியே, தேர்வாளருக்கு அது தெரியும். உங்கள் வாதத்துக்குத் தேவையான வாழ்க்கைச் செய்தி, உதாரணமாக சுப்பிரமணிய ஐயரோடு பாரதிக்கு இருந்த உறவு, எங்கே தேவையோ அங்கே இரண்டு வரி. தனி இயல் கட்டாயம் என்று துறை சொன்னால் ஐந்து பக்கத்தில் முடியுங்கள்.

ஒரு பத்தி எப்படி இருக்க வேண்டும்? முதலில் நீங்கள் சொல்ல வருவது, பிறகு மேற்கோள், பிறகு அந்த மேற்கோளின் எந்தச் சொல், எந்த அமைப்பு உங்கள் கருத்தைத் தாங்குகிறது என்ற விளக்கம், பிறகு இதற்கு எதிராக என்ன சொல்லலாம் என்பது. நம் ஆய்வேடுகளில் மூன்றாவதும் நான்காவதும் பெரும்பாலும் இருக்காது. மேற்கோளுக்குக் கீழே அதையே உரைநடையில் திருப்பிச் சொல்லிவிட்டு “என்று கவிஞர் அழகாகக் கூறுகிறார்” என்று போட்டுவிடுவார்கள். அந்த ‘அழகாக’ வரும் இடத்திலெல்லாம் கோடு போட்டு, இங்கே நான் என்ன நிறுவினேன் என்று உங்களையே கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்தப் பத்தியையே எடுத்துவிடுங்கள். உங்கள் கருத்துக்கு எதிரான சான்று கிடைத்தால் ஒளிக்காமல் உள்ளே கொண்டுவாருங்கள். பாரதி ஓரிடத்தில் மரபோடு சமரசம் செய்துகொள்கிறார் என்று தோன்றினால் அதை எழுதலாம். கருத்து வேறுபாட்டுக்காக உங்களை யாரும் பெயிலாக்க மாட்டார்கள், ஆராதனைக்காகக் கூடுதல் மதிப்பெண்ணும் போட மாட்டார்கள்.

தட்டச்சுக்கு டி.டி.பி. சென்டரை நம்பியிருக்காதீர்கள். நீங்களே யூனிகோடில் அடியுங்கள், தமிழ்99 விசைப்பலகை கைக்கு வர அதிக நாள் ஆகாது. வெளியே கொடுத்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அலைய வேண்டும், ஒற்று அவர்கள் இஷ்டத்துக்கு வரும் போகும், பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால் அந்தக் கோப்பு பின்னால் எதற்கும் உதவாது.

எழுத்துத் திருட்டுச் சோதனை பற்றித் தனியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் முனைவர் பட்டத்துக்கு மட்டுமல்ல, முதுகலை ஆய்வேட்டுக்கும் பொருந்தும். பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் குறித்த காலத்துக்குள், அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள், திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திக்கூடக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகச் சான்று காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் வராது, அதனால் மேற்கோள் காட்டப் பயப்பட வேண்டாம். மென்பொருள் கண்டுபிடிக்காது என்ற தைரியத்தில் எடுக்கவும் வேண்டாம், பாரதி ஆய்வில் ஊறிய தேர்வாளருக்கு மென்பொருளே தேவையில்லை, நடை மாறியதுமே தெரிந்துவிடும். சாட்ஜிபிடி விஷயமும் இதே மாதிரிதான். அது கொடுக்கும் நூல் பெயர், பக்க எண், மேற்கோள் எதையும் புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் உள்ளே சேர்க்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு இல்லாத இதழின் பெயரைச் சொல்லும், பாரதி எழுதாத வரியைப் பாரதி பெயரில் எழுதித் தரும், அதுவும் மிக நம்பிக்கையாக.

நெறியாளரைச் சந்திக்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். “ஐயா, எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லாருக்கு, எழுதுங்க” என்பதுதான் பதிலாக வரும், அவருக்கு இன்னும் ஆறு பேர் வெளியே நிற்கிறார்கள். இரண்டு நாள் முன்பே பத்துப் பக்கம் கொடுத்துவிட்டு, “காந்தியை மறுக்கும் கட்டுரையை மூன்றாம் இயலில் வைக்கவா, நாவலோடு சேர்த்து நான்காம் இயலில் வைக்கவா?” என்பது போலக் கேளுங்கள். குறிப்பான கேள்விக்குக் குறிப்பான பதில் கிடைக்கும். அவர் சொன்னதை அன்றே தேதி போட்டு எழுதி வையுங்கள், அடுத்த மாதம் அவரே வேறு மாதிரி சொல்லும்போது பணிவாக நினைவுபடுத்த உதவும். இந்த ஆய்வேட்டைச் சடங்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடையில் இருந்த எம்.ஃபில். பட்டத்தை மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் கைவிட்டுவிட்டன. முனைவர் பட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் எழுதிப் பழக உங்களுக்கு இருப்பது இந்த எம்.ஏ. ஆய்வேடு மட்டும்தான்.

வாய்மொழித் தேர்வுக்குப் பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் நான்கு விதமான கேள்விதான். ஏன் இந்தத் தலைப்பு, ஏன் இந்த எல்லை, இதை எப்படிச் சொல்கிறீர்கள், எதை விட்டுவிட்டீர்கள். கடைசிக் கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள், எதையும் விடவில்லை என்று காட்டப் பார்க்கிறார்கள். விட்டதை நேராகச் சொல்லுங்கள்: பாரதி ஆசிரியராக இருந்த சக்கரவர்த்தினி இதழை எடுத்துக்கொள்ளவில்லை, அது 1905இல் தொடங்கிய காலகட்டம், தனியாகப் பார்க்க வேண்டியது என்று. ஆய்வேட்டில் உள்ள எந்த மேற்கோளைக் காட்டிக் கேட்டாலும் அது எந்த ஆண்டு எழுதியது, எந்தப் பதிப்பு என்று சொல்லத் தெரிந்திருக்கட்டும், முதல் நாள் இரவு அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். இந்த வாரம் நாவலை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, உறுத்திய இடங்களை எழுதிக்கொண்டு நெறியாளரைப் பாருங்கள். கேள்வி மாறினால் மேலே நான் சொன்ன தலைப்பும் இயல்களும் மாறும், அப்போது திரும்ப எழுதுங்கள், பார்க்கலாம்.